கே. பி. சுந்தராம்பாள்

கே. பி. சுந்தராம்பாள் (அக்டோபர் 1908 – செப்டம்பர் 1980) தமிழ் நாடக மேடை நடிகையும், பாடகியும், திரைப்பட நடிகையும் ஆவார். அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த கொடுமுடியில் பிறந்தவர். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்பதே இவர் பெயரின் விரிவு. கொடுமுடி கோகிலம் என்ற அடைமொழியாலும் அறியப்பட்டார். நடிகர் எஸ். ஜி. கிட்டப்பாவின் மனைவி. விடுதலைப் போராட்டக் காலத்தில் காங்கிரசு மேடைகளில் பாடியவர். சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். ஔவையார் என்றாலே தமிழர் பலருக்கு நினைவில் வரும் முகமும் குரலும் இவருடையவையே.

இளமை

கொடுமுடி காவிரிக் கரையில் அமைந்த ஊர். மகுடேசுவரர் கோயிலால் புகழ் பெற்றது. தேவாரப் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்று. ஈரோட்டில் இருந்து கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் இருப்புப்பாதை இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. சுந்தராம்பாளின் வாழ்க்கையில் கோயிலைப் போலவே இந்த இருப்புப்பாதைக்கும் பங்கு உண்டு.

இவரது தாயார் பெயர் பாலாம்பாள். குடும்பம் மிகவும் வறுமையில் இருந்தது. உடன் பிறந்தவர்கள் கனகசபாபதி, சுப்பம்மாள் ஆகிய இருவர். ஆசிரியரிடம் முறையாக இசை பயிலும் வாய்ப்பு இவருக்குக் கிடைக்கவில்லை. கேட்ட பாடல்களைக் கேட்டவாறே பாடும் திறமை சிறு வயதிலேயே இருந்தது. தொடர்வண்டியில் பயணிகள் முன் பாடி, அவர்கள் கொடுக்கும் காசைக் கொண்டு குடும்பத்துக்கு உதவினார்.

இவர் நாடகத்துக்கு வந்த விதம் குறித்து இருவேறு செய்திகள் உள்ளன. 1917ஆம் ஆண்டளவில், தொடர்வண்டியில் பாடிக் கொண்டிருந்த சிறுமியின் குரலைத் தென்னிந்திய இரயில்வே அதிகாரி எஃப். ஜி. நடேச ஐயர் கேட்டு, வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்த்து விட்டார் என்பது ஒன்று. கரூரில் பணியாற்றிய காவல்துறை அதிகாரி ஒருவர் இவரது பாட்டைக் கேட்டு அதே குழுவுக்குப் பரிந்துரைத்தார் என்பது மற்றொன்று. எது சரியாக இருப்பினும், பத்து வயதை எட்டும் முன்பே மேடைக்கு வந்து விட்டார் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. நடேச ஐயர் திருச்சிராப்பள்ளியில் இரசிக ரஞ்சன சபாவை நிறுவியவர். தாமும் நாடக நடிகர். பின்னாளில் சேவாசதனம் (1938) திரைப்படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமியுடன் நடித்தவரும் இவரே.

நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளைகளுள் ஒருவராக, ஆண் வேடத்தில், சுந்தராம்பாள் முதலில் தோன்றினார். பசியை நேரில் அறிந்த குழந்தை பசியைப் பாடியபோது அவையோர் கலங்கினர் என்று இவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். அதன் பின் ஆண் வேடங்களும் பெண் வேடங்களும் மாறி மாறி வந்தன. சில ஆண்டுகளுக்குள் கதாநாயகி வேடத்துக்கு உயர்ந்தார்.

அக்கால நாடக மேடை

சுந்தராம்பாள் மேடைக்கு வந்த காலத்தில் தமிழ் நாடகம் பெரும்பாலும் பாட்டாகவே இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி முதலிய நாடகங்களே ஊர்தோறும் நடந்தன. நாடகக் கம்பெனிகள் ஒரு புறம் இருக்க, ஸ்பெஷல் நாடகம் என்ற முறை செல்வாக்குப் பெற்றிருந்தது. இதில் நிலையான குழு கிடையாது. ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு நடிகருக்கும் தனித்தனியே முன்பணம் கொடுத்து ஓர் இரவுக்கு அமர்த்துவார். இராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் எனப் பலரும் வெவ்வேறு ஊர்களில் இருந்து மாலையில் வந்து சேர்வர். ஒத்திகை இல்லை. சுவாமிகளின் பாடல்கள் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் ஒத்திகை தேவைப்படவும் இல்லை.

இம்முறையில் நடிகர் இருவர் மேடையில் சந்திப்பது ஒருவகைப் போட்டியாகவே இருந்தது. முருகனாக வருபவர் ஒரு பாட்டை மேலே எடுத்துச் சென்றால், வள்ளியாக வருபவர் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். தர்க்கத்திலும் தோற்கக் கூடாது. இரவு பத்து மணியளவில் தொடங்கும் நாடகம் விடியும் வரை நீளும். ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். ஆகவே மிக உயர்ந்த சுருதியில் பாட வல்லவர்களே நிலைத்தனர். சுந்தராம்பாளின் குரலில் பிற்காலத் திரைப்படங்களிலும் காணப்படும் ஓங்கிய எடுப்பும், ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி ஒலிக்கும் முறையும் இந்த மேடையில் உருவானவை. அவற்றை வெறும் இயற்கைக் கொடை என்று மட்டும் கொள்வது அந்த இரவுகளின் உழைப்பை மறைத்து விடும்.

வருவாய் மேடையில் ஏறும் இரவுகளைப் பொறுத்தது. தொண்டை கட்டினால் வருவாயும் நின்று விடும். பெண்கள் மேடை ஏறுவதைச் சமூகம் இழிவாகக் கருதியது. பெரும்பாலான கம்பெனிகளில் சிறுவர்களே பெண் வேடம் கட்டினர். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே நாடகக் குழு நடத்திப் பெரும்புகழ் பெற்றது முந்தைய தலைமுறைச் செய்தி. ஆயினும் தனித்து வரும் நடிகைக்குப் பாராட்டு கிடைத்த அளவுக்கு மதிப்புக் கிடைத்ததில்லை.

கிட்டப்பாவுடன்

1926ஆம் ஆண்டு சுந்தராம்பாள் இலங்கையில் நாடகங்கள் நடித்து வந்தார். அக்காலத் தமிழ் நாடகக் கலைஞர்களுக்குக் கொழும்பு மதுரையையோ திருச்சியையோ போன்ற மற்றொரு நாடக ஊராகவே இருந்தது. தனுஷ்கோடி வரை தொடர்வண்டி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் எனப் பயணம் எளிதாகவும் இருந்தது. அங்கு இவருடன் நடிக்க எஸ். ஜி. கிட்டப்பா அழைக்கப்பட்டார்.

செங்கோட்டையைச் சேர்ந்த கிட்டப்பா (1906–1933) சிறு வயதிலேயே மேடை ஏறியவர். கன்னையா கம்பெனியின் நாடகங்கள் மூலம் புகழ் பெற்றிருந்தார். அவருடைய குரலுக்கு முன் நிற்பது கடினம் என்று சுந்தராம்பாளிடமும், சுந்தராம்பாளுடன் பாடினால் பெயர் கெடும் என்று கிட்டப்பாவிடமும் சிலர் அச்சமூட்டியதாகக் கூறுவர். கொழும்பில் வள்ளி திருமணம் நடந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் வெல்லவில்லை, கூட்டம்தான் பெருகியது. தொடர்ந்து பல நாடகங்களில் இணைந்து நடித்தனர். அந்தப் பழக்கம் காதலாயிற்று. 1927இல் மாயவரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) திருமணம் செய்து கொண்டனர்.

கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே கிட்டம்மாள் என்பவருடன் திருமணம் ஆகியிருந்தது. சாதியும் வேறு. எனவே இத்திருமணத்தைச் செங்கோட்டைக் குடும்பத்தார் மனமார ஏற்கவில்லை. மேடையில் இருவரும் உச்சத்தில் இருந்தபோதே இல்லறத்தில் பிணக்குகள் தொடங்கி விட்டன. பிறந்த குழந்தை சில நாள்களிலேயே இறந்தது. இருவரும் பிரிந்து வாழ்ந்த காலத்தில் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் வெளியாகியுள்ளன. அன்பும், மன்றாட்டும், தன்மானமும், சில இடங்களில் கடுஞ்சினமும் கலந்தவை அவை. மேடையில் சோடியாகக் கொண்டாடப்பட்ட இருவரின் மறுபக்கத்தை அறிய அவற்றை விடச் சிறந்த சான்று வேறில்லை.

கிட்டப்பாவுக்குக் குடிப்பழக்கம் இருந்தது. உடல்நலம் விரைவாகக் கெட்டது. 1933ஆம் ஆண்டின் பிற்பகுதியில் திருவாரூரில் நாடகம் நடந்து கொண்டிருந்தபோது மேடையிலேயே மயங்கி விழுந்தார். அதன் பின் அவர் தேறவில்லை. 1933 டிசம்பர் 2ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25.

துறவுக் கோலம்

கணவரின் மறைவுக்குப் பின் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலையும் திருநீறும் தவிர வேறு ஒப்பனை கொள்ளவில்லை. எந்த ஆண் நடிகருடனும் சோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். இம்முடிவு பொருளியல் நோக்கில் மிகப் பெரிய இழப்பாகும். வள்ளி திருமணமும் பவளக்கொடியும் சோடி இல்லாமல் நடக்கக் கூடிய நாடகங்கள் அல்ல. நடிகைக்கு வாழ்வளித்த வேடங்கள் அனைத்தும் ஒரே நாளில் கைவிட்டுப் போயின. சில காலம் கொடுமுடியில் ஒதுங்கி வாழ்ந்தார்.

மீண்டும் வெளிவந்தபோது நந்தனாராக வந்தார். ஆண் வேடம், அதுவும் இல்லறமோ காதலோ தொடாத அடியார் வேடம். இவ்வாறு தம் உறுதியை மீறாமலேயே மேடைக்குத் திரும்பும் வழி கண்டார். இதன் பின் இவர் ஏற்ற முதன்மை வேடங்கள் ஏறத்தாழ அனைத்தும் இந்த வகையைச் சேர்ந்தவையே: நந்தனார், மணிமேகலை, ஔவையார், கவுந்தி அடிகள், காரைக்கால் அம்மையார் கதையில் முதிய அம்மையார். கணவரை இழந்த பெண்ணுக்கு அன்றைய சமூகம் விதித்த கோலத்தையே தம் கலையின் அடையாளமாக மாற்றிக் கொண்டார் எனலாம்.

அரசியல்

காங்கிரசுத் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி நாடகத்தின் மீது பெரும் ஈடுபாடு கொண்டவர். சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் நிறுவிய சுகுண விலாச சபையில் தாமே நடித்தவர். நாடகக் கலைஞர்களின் குரல் பொதுக்கூட்டப் பேச்சை விட வெகுதூரம் செல்லும் என்பதை உணர்ந்து, கிட்டப்பாவையும் சுந்தராம்பாளையும் நாட்டுப்பணிக்கு அழைத்தார். கிட்டப்பாவின் காலத்துக்குப் பின்னும் சுந்தராம்பாள் கதராடை உடுத்திக் காங்கிரசு மேடைகளில் பாடினார். காந்தியடிகள் குறித்து இவர் பாடிய இசைத்தட்டுகள் பெருமளவில் விற்பனையாயின. 1937ஆம் ஆண்டுத் தேர்தலின்போது இவருடைய பாட்டைக் கேட்கவே கூட்டம் திரண்டது. தலைவர்களின் பேச்சு அதன் பின்னரே தொடங்கும்.

காந்தியடிகள் கொடுமுடியில் இவரது இல்லத்துக்கு வந்தபோது தங்கத் தட்டில் உணவு பரிமாறப்பட்டதாகவும், உணவு மட்டும்தானா தட்டு இல்லையா என்று அவர் வேடிக்கையாகக் கேட்க, இவர் தட்டையும் அளித்து விட்டதாகவும், அது ஏலம் விடப்பட்டு நிதியில் சேர்க்கப்பட்டதாகவும் ஒரு செய்தி வழங்கி வருகிறது.

விடுதலைக்குப் பின், 1950களில், சென்னை மாகாணச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்ற அவை ஒன்றில் இடம் பெற்ற முதல் திரைக்கலைஞர் இவரே என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. நாடகம், திரைப்படத் துறைகளில் இருந்து பலர் பின்னர் தமிழக ஆட்சியையே கைப்பற்றியதை எண்ணும்போது இச்செய்தி முக்கியமானது. ஆனால் சுந்தராம்பாள் பதவியை நாடிய அரசியல்வாதி அல்லர்.

திரைப்படங்களில்

1931இல் முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் வெளிவந்த பின் நாடகக் கொட்டகைகள் மெல்ல வெறிச்சோடத் தொடங்கின. பட முதலாளிகள் பாடத் தெரிந்த நாடக நடிகர்களைத் தேடி அலைந்தனர். அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் நந்தனார் கதையைப் படமாக்க எண்ணிச் சுந்தராம்பாளை அணுகினார். திரைப்படத்தில் நடிக்க விருப்பம் இல்லாத இவர், அவர் திரும்பிப் போய் விடுவார் என்று எண்ணி ஓர் இலட்சம் ரூபாய் கேட்டார். அவர் ஒப்புக் கொண்டு விட்டார். ஒரு முழுப் படத்தையே அந்தத் தொகைக்குள் எடுத்து முடித்தவர்கள் இருந்த காலம் அது. இந்தியத் திரைப்பட நடிகர் ஒருவருக்கு அதுவரை எங்கும் அத்தொகை வழங்கப்பட்டதில்லை என்பர். தொடர்வண்டியில் காசுக்குப் பாடத் தொடங்கி இருபது ஆண்டுகள் கூட ஆகியிருக்கவில்லை.

எம். எல். டாண்டன் இயக்கிய பக்த நந்தனார் 1935இல் வெளிவந்தது. சுந்தராம்பாள் நந்தனாராகவும், கருநாடக இசை வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் நடித்தனர். நாற்பதுக்கு மேற்பட்ட பாடல்கள் இருந்தும், பெரும் விளம்பரம் செய்தும், எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை. எழுத்தாளர் கல்கி ஆனந்த விகடனில் இப்படத்தைக் கடுமையாகக் கேலி செய்து எழுதினார். மேடையில் தொலைவில் இருந்து பார்த்து ஏற்றுக் கொண்ட ஆண் வேடம் படக்கருவியின் அண்மையில் ஒட்டாமல் போனது இதற்கு ஒரு காரணமாகலாம். அடுத்து 1940இல் மணிமேகலை வெளிவந்தது. அதன் பின் நீண்ட இடைவெளி.

இவரது திரை வாழ்வின் உச்சம் ஜெமினி நிறுவனத்தின் ஔவையார் (1953). எஸ். எஸ். வாசன் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். படம் உருவாகப் பல ஆண்டுகள் ஆயின. யானைக் கூட்டம் கோட்டையைத் தகர்க்கும் காட்சி போன்ற பிரம்மாண்டங்கள் பல இருந்தாலும், ஊர் ஊராக நடந்து செல்லும் ஒரு மூதாட்டியின் பாட்டே படத்தைத் தாங்கியது. ஏறத்தாழ நாற்பத்தைந்து வயதில், கதாநாயகனே இல்லாத படத்தின் முதன்மைப் பாத்திரமாக ஒரு நடிகை விளங்கியது இன்றளவும் அரிதான செய்தியே.

பின்னர் பூம்புகார் (1964) படத்தில் கவுந்தி அடிகளாக நடித்தார். இதன் திரைக்கதை உரையாடலை எழுதியவர் மு. கருணாநிதி. பகுத்தறிவாளர் ஒருவர் எழுதிய படத்தில் நடிக்க முருக பக்தரான இவர் முதலில் தயங்கினார். தம் சமய நம்பிக்கைக்கு மாறான சொற்கள் பாட்டில் வரக் கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தார். ஆயினும் காங்கிரசுக்காரரான நடிகையும் தி.மு.க. எழுத்தாளரும் இணைந்த அப்படம் நல்ல வரவேற்பைப் பெற்றது. அதற்கு அடுத்த ஆண்டு ஏ. பி. நாகராஜனின் திருவிளையாடல் (1965) வெளிவந்தது. அதில் முருகனைச் சமாதானப்படுத்த வரும் ஔவையாராகச் சிறிது நேரமே தோன்றினார் எனினும், புதிய தலைமுறையினர் இவரை அறிந்தது பெரும்பாலும் அப்படத்தின் வழியாகத்தான். மகாகவி காளிதாஸ் (1966), கந்தன் கருணை (1967) ஆகியவையும் இக்காலத்தவை.

கோயம்புத்தூரைச் சேர்ந்தவரும் தீவிர முருக பக்தருமான சாண்டோ சின்னப்பா தேவரின் துணைவன் படத்தில் 1969இல் பாடி நடித்தார். குன்னக்குடி வைத்தியநாதன் இசையமைத்தார். இப்படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது இவருக்கு வழங்கப்பட்டது. பின்னணிப் பாடகியருக்கான அவ்விருது அதற்கு முந்தைய ஆண்டுதான் பி. சுசீலாவுக்கு முதன்முறையாக அளிக்கப்பட்டிருந்தது. சொந்தக் குரலில் பாடுவதைத் தவிர வேறொன்றும் அறியாத மேடைத் தலைமுறையைச் சேர்ந்தவருக்குப் பின்னணிப் பாடகி என்ற பெயரில் விருது கிடைத்தது சற்றே வியப்பானது. சக்தி லீலை (1972), காரைக்கால் அம்மையார் (1973), திருமலை தெய்வம் (1973) ஆகியவை இவரது இறுதிக் காலப் படங்கள். அப்போதும் சுருதி இறங்கவில்லை.

சிறப்புகள்

தமிழ் இசைச் சங்கம் இவருக்கு இசைப் பேரறிஞர் பட்டம் வழங்கியது. இந்திய அரசு 1970இல் பத்மஸ்ரீ விருது அளித்தது.

இறுதிக் காலம்

நாடக நடிகர்களில் பலர் ஈட்டியதை இழந்து வறுமையில் மறைந்துள்ளனர். அந்த வரிசையில் சுந்தராம்பாள் இல்லை. பணத்தைச் சிக்கனமாகக் கையாண்டவர். சொந்த ஊரான கொடுமுடியை இறுதி வரை மறக்கவில்லை. அங்கு கே.பி.எஸ். என்ற தம் பெயரிலேயே ஒரு திரையரங்கைக் கட்டினார். மு. கருணாநிதி, எம். ஜி. இராமச்சந்திரன், ஜெயலலிதா ஆகியோர் கலந்து கொண்ட விழாவில் 1969இல் அது திறக்கப்பட்டது. பின்னர் முதலமைச்சர்களான இருவரும் அன்றைய முதலமைச்சரும் ஒரே மேடையில் நின்ற நிகழ்ச்சி என்பதால் உள்ளூரில் இது இன்றும் நினைவுகூரப்படுகிறது.

1979 செப்டம்பரில் கோயம்புத்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, கொடுமுடி புதிய பெரியார் மாவட்டத்தில் (தற்போதைய ஈரோடு மாவட்டம்) சேர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1980 செப்டம்பரில், சுந்தராம்பாள் சென்னையில் காலமானார். கிட்டப்பா மறைந்து 46 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. கணவர் மறைந்தபோது உடுத்திய வெள்ளைச் சேலையை அதுவரை அவர் மாற்றவில்லை.